ஸ்டீரியோ ஆன் ஆகிறது, புளூடூத் இணைகிறது, ஆனால் நான்கு ஸ்பீக்கரிலும் சத்தமே இல்லை

சாலைப்பயணி

வணக்கம் நண்பர்களே. காரில் இருப்பது பிறகு வாங்கிப் போட்ட டபுள் டின் (இரட்டை உயர அளவு) ஸ்டீரியோ. தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) கிடையாது. ஸ்டீரியோவிலிருந்தே நான்கு கதவு ஸ்பீக்கருக்கும் லைன் போகிறது, நடுவில் ஐஎஸ்ஓ கனெக்டர் (கார் ஸ்டீரியோவுக்கான பொதுத் தர இணைப்பு).

முன் இடது கதவில் கிழிந்துபோன ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 6.5 இன்ச் புது ஸ்பீக்கர் மாட்டியதிலிருந்து நான்கிலுமே சத்தம் இல்லை. மற்றதெல்லாம் வேலை செய்கிறது. திரை எரிகிறது, போன் இணைகிறது, பாட்டின் நொடிகள் ஓடுகின்றன, எஃப்எம் நிலையத்தைப் பிடித்து நிற்கிறது. ஆன் செய்யும் கணத்தில் மட்டும் ‘டப்’ என்று மெல்லிய ஒலி, அதோடு சரி. வால்யூமை 30 வரை ஏற்றியும் மாற்றமில்லை. ஸ்டீரியோவின் முதுகில் இருக்கும் 10 ஆம்பியர் பியூஸ் நன்றாக இருக்கிறது.

ஒரு கதவில் கை வைத்ததற்கு நான்கும் எப்படி ஊமையாகும்? உள்ளே ஆம்ப் ஐசி (ஒலியைப் பெருக்கும் சிப்) போய்விட்டதா, இல்லை வயரிங் கோளாறா? டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது. எதை முதலில் அளப்பது?

ஒலிப்பெட்டி

மீட்டரை எடுக்கறதுக்கு முன்னாடி செட்டிங்கை ஒரு சுற்று பாத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. மியூட், அட்டெனுவேட்டர் (சத்தத்தைச் சட்டுனு குறைக்கறது) ரெண்டும் ஆஃபா இருக்கணும். ஃபேடரும் (முன்-பின்) பேலன்ஸும் (இடது-வலது) நடுவுல இருக்கணும். சில ஸ்டீரியோவுல ஆடியோ மெனுவுக்குள்ள ‘இன்டர்னல் ஆம்ப்’னு ஒரு ஆப்ஷன் இருக்கும். அது ஆஃப் ஆயிருந்தா பின்னாடி ஆர்சிஏ சாக்கெட்டுல (தனி ஆம்ப்புக்கு சிக்னல் போற வட்டச் சாக்கெட்) மட்டும்தான் சிக்னல் வரும், ஸ்பீக்கர் லைன் செத்துக் கிடக்கும். எஃப்எம்மும் வரலன்னு சொல்றதால போன் வால்யூம் பிரச்சினை இல்ல.

அதுலயும் ஒண்ணும் தேறலன்னா ரீசெட் பட்டனை அமுக்கிப் பாருங்க. இல்ல, பேட்டரி நெகட்டிவ்வை 10 நிமிஷம் கழட்டி வச்சுட்டு மாட்டுங்க.

மீட்டர்முனை

செட்டிங் பார்ப்பது சரிதான். பேட்டரியைக் கழற்றுவது இங்கே உதவாது என்பது என் கருத்து. ஷார்ட் (வயர் தகட்டையோ இன்னொரு வயரையோ தொடுவது) இருந்தால், மறுபடி ஆன் ஆன அரை நொடியில் ஐசி திரும்பவும் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். கம்பெனியிலிருந்து காரோடு வந்த ஸ்டீரியோவாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: அவற்றில் பல, பேட்டரி போய் வந்ததும் திருட்டுத் தடுப்பு ரகசிய எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அந்த எண் கையில் இல்லாதவர்கள் கழற்றவே வேண்டாம்.

சாலைப்பயணி, நீங்கள் சொன்ன அந்த ‘டப்’ முக்கியமான தடயம். ஐசி விழிக்கிறது, எதையோ கண்டு உடனே அடங்கிவிடுகிறது. திரை, புளூடூத், எஃப்எம் மூன்றும் வேறு சர்க்யூட். அவை ஓடுவதால் ஆம்ப் பகுதி ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நான்கும் ஏன் ஊமையாகின்றன என்று கேட்டீர்கள். சாதாரண ஸ்டீரியோவில் நான்கு சேனலுக்கும் சேர்த்து ஒரே ஐசிதான் (டிடிஏ7388 போன்றவை). அதில் ஒவ்வொரு சேனலும் ‘பிரிட்ஜ்’ முறையில் இயங்கும். அதாவது ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் அல்ல, அதுவும் ஓர் ஆம்ப்பின் வெளியீடு. பிளஸ், மைனஸ் இரண்டுமே பாடியோடு ஒப்பிட்டால் சப்ளை வோல்டேஜில் பாதியில் நிற்கும்: என்ஜின் நின்றிருந்தால் 6 வோல்ட் சுமார், ஓடினால் 7 வோல்ட் சுமார். அந்த எட்டு வயரில் ஒன்று கதவுத் தகட்டைத் தொட்டால் போதும், பெரும்பாலான ஸ்டீரியோக்கள் மொத்தமாக வாயை மூடிக்கொள்ளும். பியூஸ் போகாது, ஏனென்றால் அதற்கு முன்பே ஐசி தன்னைக் காத்துக்கொள்கிறது.

ஆகவே முதல் அளவீடு இந்தப் பாதி வோல்டேஜ்தான். ஐசி போயிற்றா, வயரிங்கா என்பதற்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

ஸ்டீரியோவை வெளியே இழுத்து, கனெக்டர்கள் செருகியபடியே இருக்க, மீட்டரை டி.சி. 20 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். கருப்பு முனை ஸ்டீரியோவின் உலோக உடலில். சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கம் வழியாக ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரிலும் தொடுங்கள். முனை தடிமனாக இருந்தால் குண்டூசி ஒன்றை நடுவில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பின்னைத் தொட்டுவிடக் கூடாது. ஸ்பீக்கர் கனெக்டரில், அதாவது ஐஎஸ்ஓ 10487-இன் ‘பி’ பிளாக்கில், வரிசை இது:

பி1, பி2 – பின் வலது (ஊதா, ஊதா-கருப்பு)
பி3, பி4 – முன் வலது (சாம்பல், சாம்பல்-கருப்பு)
பி5, பி6 – முன் இடது (வெள்ளை, வெள்ளை-கருப்பு)
பி7, பி8 – பின் இடது (பச்சை, பச்சை-கருப்பு)

ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எண் பிளஸ். கருப்புக் கோடு போட்டது மைனஸ். இந்த நிறங்கள் ஸ்டீரியோவோடு வரும் வயருக்குத்தான் பொருந்தும்; அடாப்டரைத் தாண்டி காருக்குள் போனால் கார் கம்பெனி போட்ட நிறம், அதை நம்பி எதையும் இணைக்காதீர்கள்.

எட்டிலும் 6 வோல்ட் வந்தும் சத்தமில்லை என்றால் ஐசி விழித்திருக்கிறது, சிக்னல்தான் அதற்கு வந்து சேரவில்லை, அல்லது அது மியூட்டில் இருக்கிறது. எட்டிலும் 0 என்றால் ஐசி தூங்குகிறது. அப்போது சாவியை ஆஃப் செய்து, ‘பி’ பிளாக்கை மட்டும் உருவிவிட்டு, மறுபடி ஆன் செய்து ஸ்டீரியோ பக்கத்துப் பின்களை நேராக அளந்து பாருங்கள். 6 வோல்ட் திரும்பி வந்தால் ஸ்டீரியோவுக்கு ஒன்றுமில்லை, ஷார்ட் காரின் வயரிங்கில். அப்போதும் 0 என்றால் ஐசியோ, அதை எழுப்பும் ஸ்டாண்ட்பை லைனோ. 6 வோல்ட் இருந்தும் சத்தமில்லை என்றால் மியூட் லைனைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ‘போன் மியூட்’ வயர் ஒன்று பல ஸ்டீரியோக்களில் வரும். அது எர்த் ஆனால் மொத்த சத்தமும் அடங்கிவிடும். இணைக்காமல் விட்ட வயர்களின் முனையில் டேப் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்றையும் இப்போதே அளந்துவிடுங்கள். ‘பி’ பிளாக் கழன்றிருக்கும்போதே ஒரே சேனலின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் டி.சி. எவ்வளவு என்று. 50 மில்லிவோல்டுக்குள் இருந்தால் நல்லது. ஏதாவது ஒரு சேனலில் ஒன்றிரண்டு வோல்ட் நின்றால் அந்தச் சேனல் உள்ளுக்குள் போய்விட்டது. அதில் ஸ்பீக்கரை மாட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் (காய்) இடைவிடாமல் மின்சாரம் பாய்ந்து ஸ்பீக்கரும் கருகும்.

பச்சைவயர்

மீட்டர்முனை சொன்னதுக்கு அடுத்த படி நான் சொல்றேன். ‘பி’ பிளாக் கழண்டு இருக்கும்போதே, சாவி ஆஃப்ல, மீட்டரை 200 ஓம் ரேஞ்சுக்கு மாத்துங்க. மொதல்ல ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுப் பாருங்க, 0.2 இல்ல 0.3 காட்டும். அதை எல்லா அளவுலேருந்தும் கழிச்சுக்கணும்.

காருக்குப் போற பக்கத்து கனெக்டர்ல பி1-பி2, பி3-பி4னு ஜோடி ஜோடியா அளங்க. 4 ஓம்னு போட்டிருக்கற ஸ்பீக்கர் மீட்டர்ல 3.2லேருந்து 3.8 வரைக்கும்தான் காட்டும், அதான் சரி. 1 ஓமுக்குக் கீழ வந்தா ரெண்டு வயரும் எங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணுமே காட்டலன்னா (ஓப்பன்) வயர் அறுந்திருக்கு, இல்ல காய் போயிருக்கு. ட்வீட்டரை (உச்ச ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர்) தனியா அளந்து ஏமாந்துடாதீங்க. அதுக்கு முன்னாடி கெப்பாசிட்டர் இருக்கும், மீட்டர் ஓப்பன்னுதான் சொல்லும்.

அப்புறம் ஒவ்வொரு வயரையும் பாடியோட அளங்க. ஷார்ட்டைப் பிடிக்கறது இந்த அளவுதான். எட்டுலயும் ஓப்பன் வரணும். எதுலயாவது எண் வந்தா அந்தச் சேனல்தான் குற்றவாளி. அந்த ஜோடியில எது கம்மியாக் காட்டுதோ அந்த வயர்தான் தகட்டைத் தொடுது. இன்னொண்ணு காயைச் சுத்திக்கிட்டு வர்றதால மூணு, மூணரை ஓம் கூடுதலாக் காட்டும். புது ஸ்பீக்கர் போட்ட கதவுலேருந்து ஆரம்பிங்க.

அளக்கும்போதே ஒருத்தரைக் கதவை மெதுவாத் திறந்து மூடச் சொல்லுங்க. கதவுக்கும் தூணுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் குழாய்க்குள்ள வயர் மடங்கி மடங்கி அறுந்துபோறது ரொம்ப சகஜம். எண் துள்ளுச்சுன்னா ரப்பரை உருவிப் பாருங்க.

சாலைப்பயணி

இருவருக்கும் நன்றி. இன்டர்னல் ஆம்ப் ஆன்தான். அளவுகள் இதோ, மீட்டர் முனையின் 0.3 கழித்தது:

‘பி’ பிளாக் செருகியிருக்க, எட்டு வயரிலும் 0.0 வோல்ட். ஆன் ஆகும் நொடியில் மட்டும் எண் எகிறி விழுகிறது.
‘பி’ பிளாக்கை உருவியபின், ஸ்டீரியோ பின்களில் எட்டிலும் 6.2 வோல்ட். பிளஸ், மைனஸ் நடுவே அதிகபட்சம் 14 மில்லிவோல்ட்.
ஜோடி அளவு: பின் வலது 3.6, முன் வலது 3.5, முன் இடது 3.4, பின் இடது 3.6.
பாடியோடு: பி5 – 3.8 ஓம். பி6 – 0.4 ஓம். மற்ற ஆறும் ஓப்பன்.

கதவை ஆட்டினாலும் எண் மாறவில்லை.

பச்சைவயர்

பி6, முன் இடது மைனஸ். 0.4-ஓட காய் 3.4-ஐக் கூட்டுனா அச்சா 3.8. ஒரே ஒரு எடத்துலதான் தொடுது. கதவை ஆட்டியும் மாறாததால ரப்பர் குழாய்க்குள்ள இருக்கறதுக்கு வாய்ப்பு கம்மி.

டோர் பேடைக் கழட்டி, ஸ்பீக்கரை அதே எடத்துல வச்சுக்கிட்டே லக்கை (வயர் முனையில இருக்கற செருகி) மட்டும் உருவிட்டு பி6-ஐ மறுபடி பாடியோட அளங்க. ஓப்பன் ஆயிடுச்சுன்னா ஸ்பீக்கரோட முனைதான் தகட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்பவும் 0.4ன்னா வயர் நசுங்கியிருக்கு. பெரும்பாலும் ஸ்பீக்கரைப் பிடிக்கற ஸ்க்ரூ ஒண்ணு பின்னாடி நீட்டிக்கிட்டு வயரைக் குத்தியிருக்கும். வெளி மார்க்கெட் ஸ்பீக்கரோட வர்ற ஸ்க்ரூ நீளமா இருக்கறதால வர்ற வினை.

முனைதான் தொடுதுன்னா செய்ய வேண்டியது: ஸ்பீக்கரைத் திருப்பி மாட்டுங்க. நாலு ஓட்டை இருந்தா கால் சுற்று திருப்புனாலே முனை வேற பக்கம் போயிடும். அப்பவும் இடம் நெருக்கமா இருந்தா பிளாஸ்டிக் ஸ்பேசர் வளையம் போட்டு ஸ்பீக்கரை முன்னாடி கொண்டு வாங்க. எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) வளையம் வேண்டாம், கதவுக்குள்ள தண்ணி இறங்கும், ஊறி உப்பிப் போயிடும். எதைச் செஞ்சாலும் லக் மேல ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினா சுருங்கி இறுகறது) ஏத்தி முனை முழுசா மூடியிருக்கணும். சாதா இன்சுலேஷன் டேப் கதவுச் சூட்டுல பசை விட்டு அவுந்துடும்.

மூடறதுக்கு முன்னாடி கண்ணாடியை முழுசா எறக்கிப் பாருங்க. ஸ்பேசர் போட்டாலும் போடாட்டாலும் காந்தத்தோட முதுகுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இடைவெளி வேணும். உள்ள ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டையும் திரும்ப ஒட்டிடுங்க, அது இல்லன்னா தண்ணி டோர் பேடு வழியா காருக்குள்ள வரும்.

டிக்கிபாஸ்

இதே மாதிரி ஒரு கேள்வி, இங்கேயே கேட்டுக்கறேன். டிக்கியில நாலு சேனல் ஆம்ப் இருக்கு, ஆர்சிஏ வழியா. எஃப்எம் போட்டா பாடுது. புளூடூத்துக்கோ யுஎஸ்பிக்கோ மாத்தினா மொத்தமும் அமைதி. ஆம்ப்புல விளக்கும் அணைஞ்சுடுது.

மீட்டர்முனை

விளக்கு அணைவதைக் கவனித்ததால் பாதி வேலை முடிந்தது. ஆம்ப்பை எழுப்பும் ரிமோட் வயரை முழு நீல வயரில் இணைத்திருக்கிறார்கள். அது மின் ஆன்டெனாவுக்கானது. பல ஸ்டீரியோக்களில் ரேடியோ ஓடும்போது மட்டுமே அதில் 12 வோல்ட் வரும். ஆம்ப்புக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர்தான். ஸ்டீரியோ எந்த சோர்ஸில் இருந்தாலும் அதில் 12 வோல்ட் இருக்கும். சோர்ஸை மாற்றி மாற்றி ஆம்ப்பின் ரிமோட் முனையில் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த வயரிலிருந்து அதிக மின்சாரம் எடுக்கக் கூடாது, சில நூறு மில்லி ஆம்பியர்தான் தாங்கும். இரண்டு மூன்று ஆம்ப் அல்லது ஃபேன் எல்லாம் சேர்த்து இழுப்பதாக இருந்தால் 12 வோல்ட் ரிலே ஒன்றை நடுவில் போடுங்கள்.

ஆம்ப் வைத்திருக்கும் மற்றவர்களுக்காக: விளக்கு எரிந்தும் சத்தமில்லை என்றால் கெயினை (ஆம்ப்பின் உள்ளீட்டு அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முழுக்கக் குறைத்துவிட்டு, ஆர்சிஏவை உருவி, போனிலிருந்து 3.5 மி.மீ. – ஆர்சிஏ கேபிள் வழியாக நேராக ஆம்ப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். பாடினால் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் நலம், குறை ஸ்டீரியோவிலோ ஆர்சிஏ கேபிளிலோ. அப்போது ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் ஸ்டீரியோ உடலுக்கும் நடுவில் ஓம் அளக்க வேண்டும். பெரும்பாலான ஸ்டீரியோக்களில் 1 ஓமுக்குள் இருக்கும். ஓப்பன் காட்டினால் உள்ளே ஆர்சிஏவின் எர்த்தைக் காக்கும் மிகச் சிறிய பியூஸோ பிரிண்ட் பாதையோ எரிந்திருக்கிறது. ஆம்ப்பின் எர்த் தளர்ந்திருந்தாலும், சாவி ஆனில் இருக்கும்போது ஆர்சிஏவைச் செருகினாலும் இது நடக்கும். அதைச் சரிசெய்பவர்கள் முதலில் ஆம்ப்பின் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் எரியும்.

புரொடெக்ட் விளக்கு (ஆம்ப் பாதுகாப்பு நிலைக்குப் போனதைக் காட்டுவது) எரிந்தால் ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். விளக்கு அணைந்தால் ஸ்பீக்கர் பக்கம் ஷார்ட் அல்லது ஆம்ப் தாங்காத குறைந்த ஓம். அணையவில்லை என்றால் ஆர்சிஏவையும் உருவிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் எர்த்தையும் சப்ளையையும் பார்த்துவிட்டுத்தான் ஆம்ப்பைக் குறை சொல்ல வேண்டும். சத்தமாக ஓடும்போது ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால், போல்ட் இருக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகடு தெரிய இறுக்குங்கள்.

சாலைப்பயணி

லக்கை உருவியதும் பி6 ஓப்பன். மைனஸ் முனை கதவுத் தகட்டின் மடிப்பில் அழுந்தி இருந்தது, பெயின்ட்டும் சுரண்டியிருந்தது. ஸ்பீக்கரைக் கால் சுற்று திருப்பி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மாட்டியாயிற்று. இப்போது எட்டு வயரும் பாடியோடு ஓப்பன், எல்லாம் செருகியபின் எட்டிலும் 6.2 வோல்ட், நான்கும் பாடுகின்றன.

ஒரே ஒரு குறை. பேலன்ஸை முழு இடதுக்கோ முழு வலதுக்கோ தள்ளினால் பேஸ் கெட்டியாக வருகிறது. நடுவில் வைத்தால் மெலிந்துவிடுகிறது. குரலும் டேஷ்போர்டின் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் சிதறுகிறது.

மீட்டர்முனை

முன் இடது ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. ஸ்பீக்கருக்கோ ஸ்டீரியோவுக்கோ இதனால் கெடுதல் இல்லை.

மாற்றுவதற்கு முன் உறுதிசெய்ய 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். ‘பி’ பிளாக்கை உருவிவிட்டு, கார் பக்கத்து கனெக்டரில் பேட்டரியின் பிளஸ்ஸை பி5-இலும் மைனஸை பி6-இலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. அதே சோதனையை மற்ற மூன்று ஜோடிகளுக்கும் செய்துவிடுங்கள். 9 வோல்ட் பேட்டரி வேண்டாம், பிடித்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ‘பி’ பிளாக் செருகியிருக்கும்போது இதைச் செய்யவே கூடாது, பேட்டரி வோல்டேஜ் ஐசிக்குள் போகும்.

ஸ்பீக்கர் முனைகளில் அகலமானது பெரும்பாலும் பிளஸ், குறுகலானது மைனஸ். காரின் பழைய வயரில் இரண்டு லக்கும் ஒரே அகலமாக இருந்தால் மாறிப்போவது எளிது. ஸ்பீக்கர் பக்கம் மாற்றுங்கள், ஸ்டீரியோ பக்கம் கை வைக்க வேண்டாம். நிற வரிசை கலைந்தால் அடுத்தவர் திறக்கும்போது குழம்பிவிடுவார்.

சாலைப்பயணி

பேட்டரி வைத்துப் பார்த்தேன். முன் இடது மட்டும் உள்ளே இழுத்தது, மற்ற மூன்றும் வெளியே. லக்கை மாற்றிச் செருகியதும் பேஸ் நடுவிலும் வந்துவிட்டது, குரல் டேஷ்போர்டின் நடுவில் நிற்கிறது.